கோழி பிடிப்பவருக்கு எதற்கு மனிதக் காய்ச்சல் ஊசி?



பறவைக் காய்ச்சல் என்று டிவியில் செய்தி வந்தால் நம் புதுக்கோட்டைப் பக்கம் மூன்று காரியங்கள் நடக்கும். பிராய்லர் கறி விலை இறங்கும். ஆட்டுக்கறி விலை ஏறும். "முட்டை சாப்பிடாதீர்கள், எல்லோருக்கும் அனுப்பவும்" என்று யாராவது வாட்ஸப்பில் தட்டிவிடுவார்கள். பத்துப் பதினைந்து நாளில் எல்லாம் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் பழையபடி கூட்டம் நிற்கும்.

இந்த மூன்றில் ஒன்றுகூட நோயைத் தடுக்காது. 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நன்றாக வெந்த கறியில் அந்த வைரஸ் உயிரோடு இருக்காது. நம் வீட்டுக் குழம்பு அதைவிட அதிகமாகவே கொதிக்கிறது :-)

நாம் கவலைப்பட வேண்டிய இடம் குழம்புச் சட்டி இல்லை. கோழியைப் பிடித்து, அறுத்து, இறகு பறிக்கிறாரே, அவருடைய மூக்கும் தொண்டையும்தான். அங்கே ஒரே நேரத்தில் இரண்டு வைரஸ்கள் சந்தித்துவிடக் கூடாது. அதற்கு நம் கையில் ஒரு எளிய வழி இருக்கிறது. கோழி, வாத்து, பன்றியோடு தினமும் புழங்குகிறவர்களுக்கு வருடா வருடம் சாதாரண மனிதக் காய்ச்சல் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போட வேண்டும். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

"பறவைக் காய்ச்சலுக்கு மனிதக் காய்ச்சல் ஊசியா? தலைவலிக்குக் காலில் தைலம் தடவுகிற கதையா இருக்கே" என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதைப் புரிந்துகொள்ள அந்த வைரஸின் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

எட்டுத் துண்டு வைரஸ்

இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் மரபணு ஒரே நீளக் கயிறாக இல்லை. எட்டுத் தனித்தனி ஆர்.என்.ஏ துண்டுகளாக இருக்கிறது. அம்மை வைரஸுக்கோ வெறிநாய்க்கடி வைரஸுக்கோ இப்படி இல்லை.

எட்டுத் துண்டாக இருப்பதால் என்ன ஆகிறது? ஒரே செல்லுக்குள் இரண்டு வகை இன்ஃப்ளூயன்சா வைரஸ்கள் ஒரே நேரத்தில் நுழைந்துவிட்டால், இரண்டின் துண்டுகளும் உள்ளே கலந்து கிடக்கும். புதிய வைரஸ் கட்டப்படும்போது ஒவ்வொரு துண்டும் இதிலிருந்தும் வரலாம், அதிலிருந்தும் வரலாம். எட்டு இடம், இடத்துக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256. அதில் இரண்டு பழைய பெற்றோர். மீதி 254 கலவைகள் புதியவை!

இந்த எட்டில் நமக்கு முக்கியமானவை இரண்டு. வைரஸின் மேல்தோலில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு புரதங்களை உண்டாக்கும் துண்டுகள் அவை. ஒரு புரதத்தின் பெயர் ஹீமக்ளூட்டினின். இன்னொன்று நியூராமினிடேஸ். எச்5என்1, எச்1என்1 என்று நாம் படிக்கிற பெயர்களில் உள்ள எச்சும் என்னும் இவைதான். பறவைகளிடம் மட்டும் 16 வகை எச்சும் 9 வகை என்னும் நெடுநாளாக அறியப்பட்டிருக்கின்றன. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி வைரஸை அடையாளம் காண்பதும் பெரும்பாலும் இந்த இரண்டு முள்களை வைத்துத்தான். அதனால் முள்கள் மாறிவிட்டால், உள்ளே பழைய வைரஸாகவே இருந்தாலும் உடம்புக்கு அது புது ஆள்.

ஒட்டுவதும் வெட்டுவதும்

வயல் வரப்பில் நடந்தால் நாயுருவி விதை வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? ஹீமக்ளூட்டினின் செய்வது அந்த வேலை. நம் செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் என்றொரு பொருள் இருக்கும். வைரஸ் அதைப் பிடித்துத்தான் செல்லில் ஒட்டுகிறது.

நியூராமினிடேஸ் கத்தரிக்கோல் மாதிரி. அதே சியாலிக் அமிலத்தை வெட்டிவிடும். செல்லுக்குள் பெருகிய புதிய வைரஸ்கள் வெளியே வரும்போது, வந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடாமல் அடுத்த செல்லுக்குப் போக இந்த வெட்டு வேண்டும். நம் மூக்குச்சளியிலும் சியாலிக் அமிலம் நிறைய இருக்கிறது. வைரஸைப் பொய்யாக ஒட்டவைத்துப் பிடிக்க உடம்பு வைத்திருக்கும் பொறி அது. அந்தப் பொறியை அறுத்துக்கொண்டு உள்ளே வரவும் இதே கத்தரிக்கோல்தான். டாமிஃப்ளூ மாத்திரை இந்தக் கத்தரிக்கோலைத்தான் மழுங்கடிக்கிறது. அந்த மாத்திரைக்கு மூலப்பொருளான ஷிகிமிக் அமிலத்தை நம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுத்தார்கள். (அதற்காக பிரியாணி சாப்பிட்டால் காய்ச்சல் போய்விடும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்!)

இப்போது முக்கியமான விஷயம். ஒட்டுவதும் வெட்டுவதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். பசை பலமாக இருந்து கத்தரி மழுங்கலாக இருந்தால் வைரஸ் பிறந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். பசை பலவீனமாக இருந்து கத்தரி கூராக இருந்தால், செல்லுக்குள் நுழையும் முன்பே பிடிமானத்தை வெட்டிக்கொண்டு விழுந்துவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் வைரஸ் நன்றாகத் தொற்றும்.

அதனால் எந்த எச்சையும் எந்த என்னோடும் சேர்த்தால் பயங்கர வைரஸ் கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு. பல கலவைகள் பொருந்தாமல் நொண்டும், அல்லது பெற்றோரிடம் தோற்றுப்போகும். சினிமாவில் காட்டுவது போல இரண்டு வில்லன் கைகோத்தால் பெரிய வில்லன் என்ற கணக்கு இங்கே செல்லாது.

பறவை முள்ளுக்கு இன்னொரு தடையும் உண்டு. சியாலிக் அமிலம் சர்க்கரைச் சங்கிலியோடு இணைவதில் இரண்டு விதம் இருக்கிறது. பறவை வைரஸுக்கு 2,3 இணைப்பு பிடிக்கும். மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் இருப்பது பெரும்பாலும் 2,6 இணைப்பு. 2,3 வகை நமக்கு நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். அதனால்தான் பறவைக் காய்ச்சல் மனிதனுக்கு எளிதில் தொற்றுவதில்லை. தொற்றிவிட்டால் ஆளைச் சாய்க்கிறது. ஆனாலும் ஒருவர் இருமி இன்னொருவருக்குப் போவது அரிது. பன்றியின் மூச்சுக்குழாயில் இரண்டு வகையும் இருக்கிறது. நாம் வளர்க்கும் காடைக்கும் இரண்டும் உண்டு.

இத்தனை தடைகள் இருந்தும் நல்ல பொருத்தம் அமைந்த சந்தர்ப்பங்கள் உண்டு. அப்படி அமைந்த ஒன்று நம் தமிழ்நாட்டு வாசல் வழியாகத்தான் இந்தியாவுக்குள் வந்தது.

சென்னைத் துறைமுகம், 1957

1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் பயணிகள் பலருக்குக் காய்ச்சல். 'ஆசியக் காய்ச்சல்' என்று பின்னால் உலகம் அழைத்த நோய் இந்தியாவுக்குள் நுழைந்தது அப்படித்தான். 1958 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் கணக்கில் வந்த நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். பதிவான இறப்புகள் ஆயிரத்தைத் தாண்டின. கணக்கில் வராதவை எத்தனையோ. உலகம் முழுக்க இறந்தவர்கள் சுமார் 11 லட்சம் பேர் என்பது பின்னாளைய மதிப்பீடு. அந்தக் காலத்தில் நம் மாவட்டத்துக்காரர்கள் பலர் மலேயா, சிங்கப்பூரில் இருந்தார்கள். சிங்கப்பூர்க் கப்பல் என்றால் நம் ஊருக்கு அந்நியக் கப்பல் இல்லை.

அந்த வைரஸ் எங்கிருந்து வந்தது? அதற்கு முன் மனிதர்களிடம் சுற்றிக்கொண்டிருந்தது எச்1என்1. அது தன் எட்டுத் துண்டுகளில் ஐந்தை வைத்துக்கொண்டு மூன்றைப் பறவை வைரஸிடமிருந்து வாங்கிக்கொண்டது. அந்த மூன்றில் இரண்டு மேல்தோல் முள்கள். ஆக எச்1என்1 எச்2என்2 ஆனது. மனிதனுக்குள் பெருகப் பழகிய உள்பாகங்கள், மனித உடம்பு பார்த்தே இராத வெளிமுள்கள். உலகத்தில் அப்போது பெரும்பாலானோருக்கு இதற்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை.

பதினோரு வருடம் கழித்து 1968ல் மறுபடியும் அதே கதை. இந்த முறை எச் முள் மட்டும் பறவையிடமிருந்து வந்தது. என் முள் பழைய என்2 தான். எச்2என்2 எச்3என்2 ஆனது. அந்தக் கொள்ளைநோய் 1957 அளவுக்குப் பல இடங்களில் கடுமையாக இல்லாததற்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சொல்வது, என்2க்கு எதிரான சக்தி மக்களிடம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான். ஒரு முள் மாறுவதற்கும் இரண்டு முள் மாறுவதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

அப்புறம் 2009. நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் முகமூடி கட்டிப் பார்த்த பன்றிக் காய்ச்சல். மே மாதம் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் நோயாளி உறுதியானார். ஜூன் 11ல் உலகக் கொள்ளைநோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வைரஸில் எச் ஒரு பன்றி வம்சத்திலிருந்து, என் இன்னொரு கண்டத்துப் பன்றி வம்சத்திலிருந்து, மீதித் துண்டுகளில் சில பறவையிலிருந்து, ஒன்று மனித வைரஸிலிருந்து. சீமா லக்டவாலா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011ல் ஃபெரெட் என்ற கீரி போன்ற பிராணிகளில் சோதித்துப் பார்த்தபோது, ஐரோப்பிய-ஆசியப் பன்றியிடமிருந்து வந்த துண்டுகள்தான் காற்றுவழிப் பரவலுக்கு உதவின என்று தெரிந்தது. அதே வருடம் வந்த வேறொரு ஆய்வு, எச்சும் என்னும் சமநிலையில் இருந்ததால்தான் அது தும்மல் வழியாகப் பரவ முடிந்தது என்று காட்டியது. தனித்தனியே பல வருடம் பன்றிகளிடம் இருந்தும் உலகத்தைக் கலக்காத துண்டுகள், சேர்ந்ததும் கலக்கிவிட்டன.

சோதனைக்கூடத்தில் வேண்டுமென்றே கலந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் கவோகா குழு 2012ல், 2009 வைரஸின் ஏழு துண்டுகளோடு எச்5 முள்ளைப் பொருத்தியது. அந்த முள்ளில் நான்கு மாற்றங்கள் சேர்ந்ததும் அது ஃபெரெட்களிடையே காற்றில் பரவியது. இதையெல்லாம் செய்யலாமா கூடாதா என்று அப்போது உலகமே சண்டை போட்டது. 2013ல் சீனாவின் ஹார்பினில் எச்5 முள்ளை அப்படியே வைத்து மற்ற ஏழு துண்டுகளை மாற்றி மாற்றி 127 கலவைகள் செய்தார்கள். அவற்றில் சில, கினி எலிகளிடையே மூச்சுவழியே பரவின. சிலதான். எல்லாம் இல்லை. ஆனால் சில என்பதே போதும், கவலைப்பட.

கலப்பே மருந்தும்தான்

இந்தக் கலப்பு முழுக்கக் கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. நாம் போட்டுக்கொள்ளும் காய்ச்சல் ஊசிகளில் பெரும்பகுதி இதே கலப்பில்தான் பிறக்கிறது. 1934ல் போர்ட்டோ ரிக்கோவில் பிரித்தெடுத்த ஒரு பழைய வைரஸ், முட்டையில் பிரமாதமாக வளரும். அதன் ஆறு உள்துண்டுகளோடு அந்த வருடம் ஊரில் சுற்றும் வைரஸின் எச், என் இரண்டையும் சேர்ப்பார்கள். எட்வின் கில்போர்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டிய வழி இது. 2010 ஜூலையில் புனே சீரம் நிறுவனம் கொண்டுவந்த மூக்கில் விடும் மருந்தும் இப்படித்தான். குளிரில் வளரப் பழக்கிய வீரியம் குறைந்த ரஷ்ய வைரஸின் மேல் பன்றிக் காய்ச்சலின் இரண்டு முள்களையும் ஏற்றினார்கள்.

இங்கேயும் பொருத்தம் தேவை. 2009ல் முதலில் தயாரித்த தடுப்பூசிக் கலவை முட்டையில் எதிர்பார்த்த அளவு வளரவில்லை. உலகமே ஊசிக்குக் காத்திருந்த நேரத்தில் உற்பத்தி தாமதமானது. விஞ்ஞானிகள் திட்டமிட்டுக் கலந்தாலே சில சமயம் சொதப்புகிறது என்றால், இயற்கையில் கண்மூடித்தனமாக நடக்கும் கலப்பில் பெரும்பாலானவை வீணாகத்தான் போகும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. கலப்பு என்பது தாயம் உருட்டுவது மாதிரி. ஒரு முறை உருட்டி விழவில்லை என்றால் நிம்மதி கிடையாது. எத்தனை முறை உருட்டப்படுகிறது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு முறையும் இரண்டு வைரஸும் ஒரே உடம்பில் சந்திக்கும்போது தாயக்கட்டை ஒரு முறை உருளுகிறது. எந்தக் கலவை பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் உருட்டும் எண்ணிக்கையைக் குறைக்க முடியும்.

நம் ஊரில் எங்கே சந்திக்கும்?

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்ததும் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கும். கல்லணைக் கால்வாயின் கடைமடையான ஆவுடையார்கோவில், மணமேல்குடி பக்கம் வயலும் நீரும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. டெல்டாவில் அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சல் வாத்துக் கூட்டங்கள் ஊர் ஊராக நகரும். விராலிமலையில் மயில்களும் ஊர்க்கோழிகளும் ஒரே களத்தில் தானியம் பொறுக்குவதைப் பார்க்கலாம். கிராமத்தில் பஞ்சாரத்தில் அடைக்கும் நாலைந்து கோழி இல்லாத வீடு குறைவு.

பறவைகள் வருவது அக்டோபரில் தொடங்குகிறது. சென்னையிலும் வேலூரிலும் செய்த கண்காணிப்பில், மனிதர்களிடம் இன்ஃப்ளூயன்சா உச்சத்துக்குப் போவது எப்போது என்று பார்த்தார்கள். அக்டோபர், நவம்பர்! டெல்லியில் உச்சம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. தமிழ்நாட்டில் வடகிழக்கு மழையோடுதான் காய்ச்சலும் வருகிறது. அதாவது பறவை வைரஸ் வரக்கூடிய காலமும் மனித வைரஸ் பரவும் காலமும் நம் பக்கத்தில் ஒன்றாக விழுகின்றன. பறிக்கும் கையில் பறவை வைரஸ், அதே ஆளின் மூக்கில் மனித வைரஸ் என்ற நிலைமை வருவதற்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது.

இந்தியாவில் எச்5என்1 முதலில் கோழிகளிடம் பிடிபட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாப்பூரில். பக்கத்துக் கேரளத்தில் ஆலப்புழை வாத்துகளிடம் 2014, 2016, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வந்தது. மனிதர்களில் 2021ல் ஹரியானாச் சிறுவன் ஒருவன் டெல்லியில் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. 2024ல் கொல்கத்தா வந்துவிட்டு ஆஸ்திரேலியா திரும்பிய குழந்தைக்கு எச்5என்1 இருந்தது. அந்த வைரஸை ஆராய்ந்தபோது அதுவே பல பறவை வைரஸ்களின் துண்டுகள் கலந்த கலவை என்று தெரிந்தது. தாயக்கட்டை பறவைகளுக்குள் ஏற்கெனவே உருண்டுகொண்டுதான் இருக்கிறது.

இதில் இன்னொரு அமைதியான ஆள் உண்டு. எச்9என்2. நம் நாட்டுக் கோழிகளிடம் பரவலாக இருக்கும் வைரஸ். கோழியைப் பெரும்பாலும் கொல்லாது. முட்டை குறையும், கோழி தூங்கும், அவ்வளவுதான். அதனால் யாரும் கவனிப்பதில்லை. 2013ல் சீனாவில் மனிதர்களைக் கொன்ற எச்7என்9 வைரஸுக்கு ஆறு உள்துண்டுகளையும் கொடுத்தது இந்தச் சாதுதான்.

எங்கள் அப்பத்தா போன்றவர்களிடம் கேட்டால் கோழி செத்தால் ஒரே பெயர்தான் சொல்வார்கள். "சீக்கு விழுந்துருச்சு." அது வெள்ளைக்கழிச்சலாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. தலை தொங்க ஆரம்பித்ததுமே "செத்தா வீணாப் போயிரும்" என்று அறுத்துவிடுகிற பழக்கமும் உண்டு. குழம்பில் ஆபத்தில்லை, சரி. ஆனால் அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பறித்து, குடலை எடுத்த அந்த அரை மணி நேரம்? அதைச் செய்பவர் பெரும்பாலும் பெண். அன்றைக்கு அவருக்கே சளிக்காய்ச்சல் இருந்தால்?

என்ன செய்யலாம்?

முதல் கோரிக்கையை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். பண்ணைத் தொழிலாளர்கள், கோழி ஏற்றி இறக்கும் லாரி ஆட்கள், கறிக்கடைக்காரர்கள், வாத்து மேய்ப்பவர்கள், பன்றி வளர்ப்பவர்கள், கால்நடைத் துறை ஊழியர்கள். இவர்களுக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும், மழைக்கு முன்பு, இன்ஃப்ளூயன்சா ஊசி. இது என் மூளையில் உதித்த புதுமை ஒன்றும் இல்லை. 2024ல் அமெரிக்கப் பால்மாடுகளிடம் எச்5என்1 பரவியபோது, பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சாதாரணக் காய்ச்சல் ஊசி போட அந்நாட்டு அரசு 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. காரணமாகச் சொன்னது இதைத்தான், இரண்டு வைரஸ் ஒரே ஆளுக்குள் சந்திக்கக் கூடாது.

இந்தியாவில் இந்த ஊசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. தனியாரில் போட்டால் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கோழி பிடிக்கும் தினக்கூலி ஆள் தன் சொந்தக் காசில் இதைப் போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அதன் பலன் அவருக்கு மட்டுமானதும் இல்லை. ஊருக்கே உரியது. ஊருக்கான செலவை ஊர்தானே ஏற்க வேண்டும்?

இரண்டாவது, செத்த கோழி பற்றித் தகவல். தமிழ்நாட்டில் வருடா வருடம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். ஊழியர்கள் வீடு வீடாக ஊசியோடு வருகிறார்கள். அதே நடையில் "கடந்த மூன்று மாதத்தில் எத்தனை கோழி செத்தது, எப்படிச் செத்தது" என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் என்ன? பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. சந்தேகமான ஊர்களில் மாதிரி எடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் மக்கள் சொல்ல வேண்டுமே! நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழிகளை அழிப்பார்கள். இழப்பீடு அழிக்கப்படும் கோழிக்குத்தான், ஏற்கெனவே செத்ததற்கு இல்லை. நாலு கோழி செத்ததைச் சொன்னால் மீதி ஆறும் போகும், தெருவே நம்மைத் திட்டும் என்றால் யார் வாயைத் திறப்பார்? முதலில் தகவல் சொன்ன வீட்டுக்குச் செத்த கோழிக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். தகவல் தானாக வரும்.

சிலர் கேட்பது

"இந்தியாவில் மனிதருக்குப் பறவைக் காய்ச்சல் விரல்விட்டு எண்ணும் அளவுதானே, இதற்கு இவ்வளவு செலவா?" நியாயமான கேள்வி. கொள்ளைநோய் தொடங்க எண்ணிக்கை தேவையில்லை. பொருத்தமான ஒரு கலவை போதும். 1957லும் 1968லும் எங்கோ ஒரு உடம்பில் நடந்த கலப்புதான் உலகம் சுற்றியது.

"அந்த ஊசியே முழுசாக வேலை செய்வதில்லையாமே?" உண்மை. நன்றாகப் பொருந்தும் வருடங்களில்கூட 40 முதல் 60 சதவீதம் பாதுகாப்புதான். ஆனால் தாயக்கட்டை உருளும் முறைகளில் பாதியைக் குறைத்தாலும் லாபம்தானே. தவிர, மழைக்காலத்தில் அந்தத் தொழிலாளி காய்ச்சலில் படுத்துக் கூலி இழக்காமல் இருப்பது அவருக்கு நேரடிப் பலன். இந்த ஒரு பலனுக்காகவே போடலாம்.

"பன்றிக்குள்ளும் பறவைக்குள்ளும் கலந்தால் என்ன செய்வீர்கள்?" அதை இந்த ஊசி தடுக்காது. ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பண்ணைச் சுத்தம், பன்றியையும் கோழியையும் ஒரே கொட்டகையில் வளர்க்காமல் இருப்பது, சந்தைக் கூண்டுகளைக் கழுவிக் காயவிடுவது என்று வேறு வேலைகள் உண்டு. எல்லாக் கதவையும் அடைக்க முடியவில்லை என்பதற்காக அடைக்க முடிந்த கதவைத் திறந்து போடலாமா?

ஒரே ஒரு எச்சரிக்கை. ஊசி போடும்போது உண்மையைச் சொல்லிப் போட வேண்டும். இது பறவைக் காய்ச்சலைத் தடுக்கும் ஊசி இல்லை. ஊசி போட்டுக்கொண்டோம் என்று முகமூடியையும் கையுறையையும் விட்டுவிடக் கூடாது. பொய் சொல்லிப் போட்டால், பிறகு ஒரு ஆளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததும் மொத்த நம்பிக்கையும் போய்விடும். அப்புறம் எந்த ஊசிக்கும் ஆள் வர மாட்டார்கள்.

வைரஸின் இரண்டு முள்களும் எப்போது எப்படிப் பொருந்தும் என்று உலகத்தின் பெரிய சோதனைக்கூடங்களாலேயே முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவை யாருடைய தொண்டையில் சந்திக்கக்கூடும் என்று நமக்குத் தெரியும். அவர் நம் தெருமுனைக் கறிக்கடையில் நிற்கிறார். பெயர்கூடத் தெரியும். செப்டம்பரில் அவர் கையில் ஒரு ஊசி போட நமக்கு என்ன தடை? அடுத்த முறை உங்கள் ஊர் கிராமசபைக் கூட்டத்துக்குப் போனால் இந்தக் கேள்வியை எழுப்புங்கள் நண்பர்களே. அக்டோபர் 2ல் ஒரு கூட்டம் உண்டு. அந்த வருட மழைக்குக் கொஞ்சம் தாமதம்தான். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் கேட்டால் சரியாக இருக்கும்.